இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

கடைக்காரர் அந்த ரைஃபிளை இரண்டு கைகளாலும் எடுத்து, பிறந்த குழந்தையைத் தருவதுபோல, என் கணவர் கையில் கொடுத்தார்.

கேட்டவள் நான். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, கைத்துப்பாக்கித் தோட்டா போடுகிற லீவர் ரைஃபிள் பார்க்க வேண்டும் என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னவளும் நான். இவர் எனக்குப் பின்னால் ஏழெட்டு அடி தள்ளி, வேட்டைக்காரர்கள் போடும் பச்சைச் சட்டைகளின் விலைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தேடிக்கொண்டு போய்க் கொடுத்தார் அந்த மனிதர்.

இவர் திருதிருவென்று விழித்தார். வெண்டைக்காய்கூட நான் ஒடித்துப் பார்த்துக் கொடுத்தால்தான் கூடையில் போடுகிற ஆள்.

"பன்றியா, மானா?" என்றார் கடைக்காரர், இவரிடம்.

"எதுவும் இல்லை. தகடு சுட," என்றேன் நான்.

"எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள்?" என்றார் கடைக்காரர். அதுவும் இவரிடம்.

இவர் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்த்தேன். கடையில் துப்பாக்கி எண்ணெயும் ரப்பர் பூட்ஸும் ஈர நாயும் கலந்த ஒரு வாசனை. கடைசியில் அவர் என் பக்கம் திரும்பி, ரொம்ப அன்பாக, "மேடத்துக்கு ஒரு பாயிண்ட் டூ டூ போதுமே. சின்னது. பிங்க் கலரில்கூட இருக்கிறது," என்றார்.

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆக்லாந்தில், பக்குரங்கா என்கிற பகுதியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை முதல் மாலை வரை முன்பின் தெரியாதவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்கிறார்கள், நான் ஊசி ஏற்றுகிறேன். ரக்பி ஆடுகிற மலை போன்ற ஆண்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்கள். எனக்கு பிங்க்!

### டிங்

எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டுவிட்டார்கள், நீங்களும் கேளுங்கள்.

ஜோசபின் என்னோடு வேலை பார்ப்பவள். மலேசியாவில் ஈப்போ பக்கத்துத் தமிழச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், மத்தியானம் துப்பாக்கி கிளப். இரண்டையும் ஒரே பக்தியோடு செய்வாள். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், "சும்மா வந்து பாரு லா, சுடவே வேணாம்," என்றாள். போனேன்.

புக்கெகோஹி ஊரைத் தாண்டி, சிவந்த மண்ணில் வெங்காயம் விளைகிற வயல்களுக்கு அப்பால், ஒரு மேட்டைக் குடைந்து அமைத்த இடம். தூரத்தில் சங்கிலியில் தொங்கும் இரும்புத் தகடுகள். லைசென்ஸ் இல்லாதவர்கள் லைசென்ஸ் உள்ளவரின் நேர்ப் பார்வையில் மட்டும் சுடலாம். ஜோசபின் பக்கத்தில் நின்றுகொண்டு தன் லீவர் ரைஃபிளைக் கொடுத்தாள். விசைக்கு அடியில் ஒரு இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய தோட்டாக் கூடு வெளியே போகும், புதிய தோட்டா உள்ளே வரும். சட்டக், சட்டக். அவ்வளவுதான் வித்தை.

விசையை அழுத்தினேன். உதை என்று பெரிதாக இல்லை. கூட்டத்தில் ஒருவர் தோளில் இடித்துவிட்டுப் போவதுபோல இருந்தது. அரை நொடி கழித்து, தூரத்திலிருந்து ஒரு சத்தம்: டிங்.

அந்த டிங்கை எனக்கு விளக்கத் தெரியவில்லை. நாள் முழுக்க நான் செய்கிற வேலைக்கு யாரும் டிங் என்று சொல்வதில்லை. வலிக்காமல் ஊசி போட்டால் நோயாளி எழுந்து போய்விடுவார். நன்றாகச் சமைத்தால் பாத்திரம் காலியாகும். இங்கே மட்டும், சரியாகச் செய்தால் ஒரு இரும்புத் தகடு உரக்கச் சொல்கிறது, சரி என்று.

### நொட்டாங்கைக்காரி

இன்னொன்றும் இருந்தது. நான் இடது கைக்காரி.

மதுரையில் நான் படித்த பள்ளியில் டீச்சர் ஸ்கேலால் என் இடது கை முட்டியில் அடித்து அடித்து வலது கையில் பேனாவைச் செருகினார். நொட்டாங்கை என்பதுதான் வகுப்பில் என் பெயர். கத்தரிக்கோலா, வலது கைக்கு. கல்லூரி நாற்காலியில் எழுதும் பலகையா, வலது பக்கம். கோயிலில் இடது கையை நீட்டினால் திருநீறு கிடையாது, முறைப்புத்தான் கிடைக்கும். நாங்கள் இருக்கிற தகனினியிலிருந்து அரை மணி நேரம் காரில் போய்ச் சாமி கும்பிடுகிற இந்த ஊர்க் கோயிலிலும் அதே முறைப்பு, விமானம் ஏறி வந்திருக்கிறது.

கல்யாணம் ஆன புதிதில் மாமியார் வீட்டுப் பந்தியில் இடது கையால் கரண்டியைப் பிடித்துவிட்டேன். இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்க, "அந்தக் கையால போட்டா யாருடி சாப்பிடுவா?" என்றார் மாமியார். கரண்டியை மாற்றினேன். ரசம் முழுவதும் வலது கையால் ஊற்றினேன். இவர் அதே பந்தியில் மூன்றாவது இலை. தலை நிமிரவில்லை. ரசம் நன்றாக இருந்தது போலிருக்கிறது.

அன்று கிளப்பில், ஜோசபின் தன்னுடையதைத் தருவதற்கு முன்பு, எனக்கு வேறொருவர் போல்ட் ரைஃபிள் தந்திருந்தார். அதன் கைப்பிடி வலது பக்கம் இருக்கிறது. இடது தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் துப்பாக்கிக்கு மேலே எட்டி வளைந்து இழுக்க வேண்டும். வழக்கம்போல உலகம் வலது பக்கத்தில் இருக்கிறது, நீ எட்டிக்கொள் என்கிற கதைதான். லீவர் அப்படியில்லை. வளையம் நடுவில், அடியில் இருக்கிறது. எந்தக் கை என்று அது கேட்கவில்லை.

"இதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் லா," என்றாள் ஜோசபின். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

### பிங்க்கும் பீரங்கியும்

கடைக்குத் திரும்புவோம். கடைக்காரரின் உலகில் இரண்டே வகை மனிதர்கள். பெண்களுக்குப் பிங்க். ஆண்களுக்குப் பீரங்கி. அந்தச் சின்னத் துப்பாக்கி வேண்டாம் என்றதும், ஒரு பெரிய மான் ரைஃபிளை எடுத்து இவரிடம் காட்டினார்.

நான் பொறுமையாகச் சொன்னேன். மான் ரைஃபிளின் குண்டு வேகமானது, எங்கள் கிளப்பின் தகடுகளைக் குழி பறித்துவிடும், அனுமதி இல்லை. கைத்துப்பாக்கித் தோட்டா நிதானமானது, தகடு தாங்கும். அதிலும் நாற்பத்து நாலு என்கிற பெரிய தோட்டா வேண்டாம். சுட்டுப் பார்த்துவிட்டேன், மத்தியானத்துக்குள் தோள் வீங்குகிறது. முந்நூற்று ஐம்பத்தேழு என்கிற அளவு போதும். அந்தத் துப்பாக்கியில் முப்பத்தெட்டு என்கிற மென்மையான தோட்டாவும் போடலாம். ஒரே அடுப்பில் சாதமும் வைக்கலாம், பாலும் காய்ச்சலாம்.

கடைக்காரர் கடைசியில் என்னைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு ரைஃபிள் கொண்டுவந்தார். ஒன்று புதியது, பளபளப்பு. அதன் காலிக் கூடு வலது பக்கமாகத் துள்ளி விழும். இடது தோளில் வைத்தால் என் மூக்குக்கு முன்னால் பறக்கும். தோள்கட்டையும் நீளம். தோளில் வைத்தால் லீவருக்கு என் கை எட்டவில்லை.

இன்னொன்று யாரோ வைத்திருந்து விற்றது. மரம் அங்கங்கே கீறியிருந்தது. காலிக் கூடு நேராக மேலே போகும், யார் முகத்துக்கும் வராது. கையில் கனம் தெரியவில்லை. முன்பு வைத்திருந்தவர் என்னைப் போலக் குட்டையான ஆள் போலிருக்கிறது, தோள்கட்டையின் பின்பக்கத்தை அறுத்துச் சின்னதாக்கியிருந்தார். இடது தோளில் வைத்தேன். கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது. என்னை வளையச் சொல்லாத ஒரு பொருளை நான் என் வாழ்க்கையில் அன்றுதான் கையில் எடுத்தேன்.

லைசென்ஸ் வந்த பிறகுதான் வாங்க முடியும். மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார் கடைக்காரர். அதையும் இவரிடம்தான் சொன்னார்.

### யாரைச் சுடப் போகிறாய்?

செய்தி பரவியது. இந்த ஊரில் நம் ஆட்களிடம் ஒரு விஷயம் சேர வேண்டுமானால் ஒரு பிறந்தநாள் விருந்து போதும். "யாரைச் சுடப் போற வசந்தி?" என்று ஒருவர். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை, ஒரு யோகா கிளாஸ் போகக் கூடாதா?" என்று இன்னொருவர். அவர்கள் வீட்டுக்காரர்கள் மீன்பிடிக்கப் படகு வாங்கினால் அது பொழுதுபோக்கு. வெலிங்டனில் படிக்கும் என் மகள் போனில், "அம்மா, சீரியஸ்லி?" என்றாள். அதற்கு மேல் தமிழிலும் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை.

ஒரே ஒருத்தியிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து வீட்டு சிவகௌரி, யாழ்ப்பாணத்துக்காரி. வேலியருகே வந்து நின்று சொன்னாள்.

"நீங்கள் விளையாட்டுக்குத்தான் சுடுறியள் எண்டு எனக்கு விளங்குது அக்கா. ஆனா எனக்குத் துவக்கைக் காண ஏலாது. கார்ல ஏத்தேக்க மட்டும் மூடிக் கொண்டு போங்கோ."

"கண்டிப்பா மூடித்தான் எடுத்துட்டுப் போவேன் கௌரி," என்றேன். இன்றுவரை கராஜ் கதவைச் சாத்திவிட்டுத்தான் காரில் ஏற்றுகிறேன்.

### வடையும் வாக்குமூலமும்

இந்த நாட்டில், மசூதிகளில் தொழுதவர்களை ஒருவன் சுட்டுக்கொன்ற பெருந்துயரத்துக்குப் பிறகு துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கினார்கள். நியாயம்தான். கடைக்குப் போவதற்கு முன்பே பாதுகாப்புப் பாடம் படித்து, பரீட்சை எழுதி, விண்ணப்பித்து, துப்பாக்கி வைக்க கராஜில் சுவரோடு போல்ட் போட்டு இரும்புப் பெட்டி மாட்டியிருந்தேன். கடைசியில் ஒரு லைசென்ஸ் அதிகாரி வீட்டுக்கே வந்து, பெட்டியைப் பார்த்து, நம்மிடம் பேசி, பிறகு கணவரிடமோ மனைவியிடமோ தனியாகப் பேசுவார்.

வந்தவர் ஒரு நடுத்தர வயது அம்மாள். சொல்லாமலேயே வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். எனக்குப் பிடித்துவிட்டது. பெட்டியை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. என்னிடம் நிறையக் கேட்டார், சொன்னேன். பிறகு இவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். மெதுவடையும் காபியும் வைத்துவிட்டு, கண்ணியமாகப் பின்பக்கம் துணி உலர்த்தப் போய்விட்டேன்.

அம்மாள் போன பிறகு இவர் ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"உன்னைப் பத்திதான். கோபம் வருமான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"வருமாவான்னேன். எங்க வீட்டுல அவதான் ஹோம் மினிஸ்டர், அவ குரல் கேட்டா நாங்கல்லாம் நடுங்குவோம்னேன். சிரிக்கவே இல்ல, பாவம். டயர்டா இருந்தாங்க போல."

துணிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். "அப்புறம்?"

"உங்களுக்கு அவங்களைப் பார்த்தா பயமான்னாங்க. பின்ன, கல்யாணம் ஆன நாள்லேர்ந்துன்னேன்."

"ஐயையோ. அப்புறம்?"

"சண்டை வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. காரை எடுத்துக்கிட்டு வெளிய போயிடுவேன், அவ அடங்கினப்புறம்தான் வருவேன்னேன். உண்மைதானே? டெய்ரிக்குப் பால் வாங்கப் போவேன்ல?"

கையிலிருந்த துணிக் கூடையைக் கீழே வைத்தேன். ஆறு வடை வைத்திருந்த தட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் இவரே சாப்பிட்டிருந்தார்.

இரண்டு நாளில் போன் வந்தது. விண்ணப்பத்தை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அன்று மாலையே, மனைவியிடம் அடி வாங்கும் ஆண்களுக்கான உதவி எண் ஒன்று இவர் போனுக்கு வந்தது. அதை எனக்குக் காட்டி, "இது எதுக்கு எனக்கு அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டார்.

### ஏதோ

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்லாமல் இவரைப் புரியவைக்க முடியாது.

கெட்ட மனிதர் இல்லை. வெளியாள் முன்னால் சொந்த மனிதர்களைப் புகழக் கூடாது என்பது இவர் ரத்தத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். மகள் வகுப்பில் முதலாவதாக வந்தாள். ஆசிரியை பாராட்டப் பாராட்ட, இவர் "ஏதோ படிக்கிறா" என்றார். ஆசிரியை பயந்துபோய், வீட்டில் குழந்தைக்குப் போதிய ஊக்கம் கிடைக்கிறதா என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். விருந்தாளிகள் என் சாம்பாரைப் புகழ்ந்தால், "இன்னிக்கு ஏதோ தப்பித்தவறி அமைஞ்சிடுச்சு" என்பார். போன வாரம் இந்தத் தொடரில் நாங்கள் வீடு வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அந்த வீட்டைக்கூட இவர் நண்பர்களிடம் "ஏதோ ஒரு கூரை" என்றுதான் சொல்வார். மார்ட்கேஜ் கட்டுவது ஏதோ கூரைக்கு!

கேட்டால் கண்ணு பட்டுடும் என்பார். ஆக்லாந்தில் யார் கண்? எதிர் வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா எங்களை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

நம் ஊரில் இது எல்லோருக்கும் புரியும். "அவகிட்ட நான் நடுங்குவேன்" என்று ஒருவர் சொன்னால், ஆள் பொண்டாட்டி மேல் உயிராக இருக்கிறான் என்று கேட்பவர் சிரித்துக்கொள்வார். அந்த அம்மாளுக்கு எப்படிப் புரியும்? அவர் வேலை, சொன்னதை எழுதிக்கொள்வது. அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. வீட்டில் பயப்படுகிறேன் என்று ஒருவர் சொன்ன பிறகும் துப்பாக்கி கொடுக்கிற அதிகாரி எனக்கும் வேண்டாம்.

கோபமெல்லாம் இவர் மேல். ஆனால் பாருங்கள் என் நிலைமையை. கோபப்பட்டால், இவர் சொன்னது சரி என்று ஆகிவிடும்! அந்த வாரம் முழுவதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாந்த சொரூபியாக வளைய வந்தேன். இவர் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டார். புன்னகைத்தேன். தயிர்ப் பாத்திரத்தை மூடாமல் வைத்தார். புன்னகைத்தேன். என் புன்னகையைப் பார்த்து அந்த வாரம்தான் இவர் நிஜமாகவே பயந்தார்.

ஜோசபினிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த ஆப்பிசர்கிட்ட நீயே கேளு லா, இன்னொரு வாட்டி அவருகிட்ட பேசச் சொல்லி. இந்தத் தடவ ஒங்க வீட்டுக்காரரு வாயத் தொறந்து ஒன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லட்டும். செத்தா போயிருவாரு?"

கேட்டேன். சரி என்றார்கள். மாதக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

முந்தைய நாள் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை. "என் மனைவி நிதானமானவள்னு சொல்லுங்க."

"என் மனைவி..." தொண்டையைச் செருமினார். "ஏதோ பரவாயில்ல."

"ஏதோ வேண்டாம்."

"பரவாயில்ல."

"அதுவும் வேண்டாம்!"

"வசந்தி, எனக்கு வரலைடி," என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. ஆபீஸில் நூறு பேர் முன்னால் நின்று மணிக்கணக்கில் பேசுகிறவர். நான் எழுந்து போய் வாஷிங் மெஷினில் துணியைத் திணித்தேன். தட்டைத் தூக்கி எறியவில்லை. எறியலாம் என்று தோன்றியது உண்மை.

### ஜிப் போர்டுச் சுவர்

தகனினியில் இப்போது கட்டுகிற வீடுகளுக்குள் ஜிப் போர்டு என்கிற மெல்லிய அட்டைச் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறு ஆயுசு சொல்லலாம். இந்தத் தடவை நான் துணி உலர்த்தப் போகவில்லை. சலவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மெஷினையும் நிறுத்திவிட்டு, சுவரில் காதை வைத்தேன். கண்ணியமெல்லாம் போன தடவையோடு சரி.

இவர் ஆங்கிலம் தட்டுத் தடுமாறி ஆரம்பித்தது. போன தடவை சொன்னது எங்கள் ஊர் வழக்கம், மனைவியை மற்றவர் முன்னால் புகழ்வது எங்களுக்குக் கூச்சம் என்றார்.

"சரி. இப்போது கூச்சப்படாமல் சொல்லுங்கள்," என்றார் அம்மாள்.

ஒன்றும் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும். போச்சு, என் ரைஃபிள் போச்சு என்று நினைத்தேன். யாரோ ஒரு நெட்டை மனிதர் அதை வாங்கி, சின்னக் கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நீளக் கட்டை மாட்டுவார்.

பிறகு இவர் பேசினார்.

"அவளுக்குக் கோபம் வரும். வராது என்றால் பொய். கல்யாணமான புதிதில் என் அம்மா அவளை இடது கையால் பரிமாறக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவளுக்குக் கோபம். வலது கையால் பரிமாறினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. நியாயமான கோபம்."

நான் சுவரிலிருந்து காதை எடுத்து, மறுபடி வைத்தேன்.

"அம்மா கடைசிக் காலத்தில் எங்களோடு இந்த ஊரில் இருந்தார். வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும். அம்மா வேறு யாரையும் எடுக்க விடமாட்டார். என்னிடம் சொல்வார், அவள் அந்த இடது கையால் எடுத்தால்தான் வலிக்கவில்லை, ஊசி ஏறுவதே தெரியவில்லை என்று. அந்தக் கையை அவ்வளவு பேசிவிட்டேனே என்று ஒருநாள் அழுதார்." நாற்காலி நகர்கிற சத்தம். "எனக்குத் தெரிந்தவர்களில், கூர்மையான ஒரு பொருளை யார் கையில் கொடுத்தால் நான் நிம்மதியாகத் தூங்கலாம் என்று கேட்டால், அவள் கையில்தான். துப்பாக்கி எனக்குப் பிடிக்காது. அவள் கையில் இருந்தால் எனக்குப் பயமில்லை."

அம்மாள் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் வாஷிங் மெஷின் மேல் கையை ஊன்றி நின்றிருந்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மாமியார் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் கிழவி அப்படிச் சொன்னாளா? எனக்காக அழுதாளா? வாரம் தவறாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்ட இந்த மனிதராவது சொன்னாரா?

அதிகாரி போனதும் வெளியே வந்தேன். ஒரு வாரமாக அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்தது.

"ஏங்க, இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒட்டுக் கேட்டியா?"

"கேட்டேன். ஏன் சொல்லல?"

"சொன்னா..." என்று இழுத்தார். "கண்ணு பட்டுடும்னு..."

"யார் கண்ணு? என் கண்ணே எனக்குப் படுமா? உங்க அம்மா என் கையைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்னாங்கன்னு நான் தெரிஞ்சுக்க, அரசாங்கத்துலேர்ந்து ஆள் வரணுமா?"

இவர் எழுந்தார். கார் சாவியைத் தேடினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, சாவியை மேசையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தார். முழுவதையும் உட்கார்ந்து கேட்டார். பால் வாங்கப் போகவில்லை.

### மேட்டுக்குக் கீழே

லைசென்ஸ் கையில் வந்தபோது மாதம் முடிய இரண்டு மூன்று நாட்கள் மிச்சம். கடைக்குப் போனோம். கடைக்காரர் உள்ளேயிருந்து அந்தக் கீறல் விழுந்த ரைஃபிளைக் கொண்டுவந்து, பழக்கதோஷத்தில் இவர் பக்கம் நீட்டினார். இவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைக்காரரின் கைகள் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றன. பிறகு என் பக்கம் வந்தன.

அடுத்த ஞாயிறு புக்கெகோஹி. முதல் தடவையாக இவரும் வந்தார். அறுவடை முடிந்து, சிவப்பு மண்ணின் மேல் வெங்காயத் தோல் பறந்துகொண்டிருந்தது. மென்மையான முப்பத்தெட்டுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். அதற்கான துளை துப்பாக்கியின் வலது பக்கம் இருக்கிறது. வலது கைக்காரர்கள் விசையிலிருந்து கையை எடுத்துத்தான் தோட்டா போட வேண்டும். எனக்கு இடது கை இருந்த இடத்திலேயே இருக்கும், வலது கை தோட்டா போடும். என் வாழ்நாளில் முதல் முறையாக, எட்டி வளைய வேண்டியவர்கள் அவர்கள்.

முதல் தகடு, டிங். லீவரைத் தள்ளி இழுத்தேன், காலிக் கூடு தலைக்கு மேலே எழும்பிப் பின்னால் விழுந்தது. இரண்டாவது, டிங். மூன்றாவது, டிங்.

ஜோசபின் எனக்கு இரவல் கொடுத்திருந்த காதுமூடி நவீனமானது. வெடிச் சத்தத்தை அடக்கிவிட்டுப் பேச்சை மட்டும் உள்ளே விடும். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் இவரிடம் கேட்டது தெளிவாகக் கேட்டது.

"அது உங்கள் மனைவியா? பிரமாதமாகச் சுடுகிறாரே."

நான் திரும்பவில்லை. திரும்பத் தேவையே இல்லை. என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஓ, ஜஸ்ட் லக். ஏதோ, இன்னிக்கு அமைஞ்சிடுச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் வைத்தேன்.

"ஓ, அவ ஏதோ..." என்று தமிழில் ஆரம்பித்தார். நின்றார். தொண்டையைச் செருமுவது கேட்டது.

"யெஸ்," என்றார். "அவள் கை அப்படி."

நான்காவது தகடு அசையாமல் தொங்கியது. என் குண்டு மேட்டில் எங்கோ போய்ப் புதைந்து ஒரு பிடி செம்மண்ணைக் கிளப்பியது. அன்று முழுவதும் நான் தவறவிட்டது அந்த ஒன்றுதான். அதற்கும் இந்த மனிதர்தான் காரணம்.